மீன்கொத்தியின் அலகும் பொறியாளரின் கணக்கும்

ஜப்பானின் சான்யோ ஷின்கான்சென் பாதை ஒசாகாவிலிருந்து ஹக்காட்டா வரை செல்கிறது. மலைகளைக் குடைந்து போட்ட பாதை என்பதால் ஏறத்தாழப் பாதித் தூரம் சுரங்கங்களுக்குள்ளேயே ஓடுகிறது. 1990களின் தொடக்கத்தில் அந்தப் பாதையில் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ரயில் விடத் திட்டமிட்டார்கள். அந்த வேகத்தில் ரயிலை ஓட்டுவதைவிட அதன் சத்தத்தை அடக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. குறுகலான சுரங்கத்துக்குள் ரயில் பாய்ந்து நுழையும்போது, சைக்கிள் பம்பின் தண்டு காற்றைத் தள்ளுவதுபோல், தன் முன்னால் இருக்கும் காற்றை நெருக்குகிறது. நெருக்கப்பட்ட காற்று ஓர் அழுத்த அலையாக மாறி, ஒலியின் வேகத்தில் ரயிலை முந்திக்கொண்டு ஓடி, சுரங்கத்தின் மறுவாயில் வழியே வெடிச்சத்தத்தோடு வெளியேறுகிறது. வாயிலுக்கு அப்பால் குடியிருப்பவர்களின் வீட்டுச் சன்னல்கள் அதிர்கின்றன. ரயிலின் வேகம் கூடக் கூட அந்த அலையின் வலு அதைவிட மிக வேகமாகக் கூடிவிடும். குடியிருப்புப் பகுதிகளில் ஷின்கான்சென் ஓசைக்கு ஜப்பான் 70 டெசிபல் என்று வரம்பு விதித்திருந்தது. அந்த வரம்புக்குள் அடங்காத ரயில் எவ்வளவு வேகமாக ஓடினாலும் பயனில்லை.

மேற்கு ஜப்பான் ரயில்வேயில் இந்தச் சோதனைகளுக்குப் பொறுப்பேற்றிருந்த பொறியாளர் எய்ஜி நகாட்சு, பறவைகளைக் கூர்ந்து நோக்கும் பழக்கம் உடையவர். தடை குறைந்த வெளியிலிருந்து தடை மிகுந்த இடத்துக்குள் சட்டென்று நுழைவதுதான் ரயிலின் சிக்கல் என்பது அவருக்குத் தெளிவாகியிருந்தது. இதே சிக்கலை அன்றாடம் சந்திக்கும் உயிர் எது என்று தேடியபோது மீன்கொத்தி நினைவுக்கு வந்தது. காற்றிலிருந்து நீருக்குள் தலைகீழாகப் பாயும் அந்தப் பறவை தண்ணீரை அதிகம் சிதறடிப்பதில்லை. அதன் நீண்ட அலகு நுனியில் கூராகத் தொடங்கித் தலைவரை படிப்படியாகப் பருத்துக்கொண்டு போகிறது. அதனால் நீர் ஒரேயடியாக அறைபடாமல் கொஞ்சம் கொஞ்சமாக விலகி வழிவிடுகிறது. நகாட்சுவின் குழு பல வடிவ மாதிரிகளைக் குழாய்க்குள் செலுத்தி, எழும் அழுத்த அலைகளை அளந்தது. கணினியிலும் கணக்கிட்டுப் பார்த்தது. மிகக் குறைந்த அலையை எழுப்பிய வடிவம் மீன்கொத்தியின் அலகை ஒத்திருந்தது. அப்படி உருவான 500 வரிசை ரயில் 1997இல் ஓடத் தொடங்கியது. முந்தைய 300 வரிசையோடு ஒப்பிட்டால் காற்றழுத்தம் 30 சதவீதமும் மின்செலவு 15 சதவீதமும் குறைந்தன. வேகம் 10 சதவீதம் கூடியது. மேற்கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் பாண்டோகிராஃபின் இரைச்சலைத் தணிக்க ஆந்தையின் இறகு வழிகாட்டியது. ஆந்தைச் சிறகின் முன்விளிம்பில் உள்ள நுண்ணிய சீப்புப் பற்கள், பெரிய காற்றுச் சுழல்களைச் சிறுசிறு சுழல்களாக உடைத்து ஓசையைக் குறைக்கின்றன.

இயற்கையிடமிருந்து பொறியியல் கற்றுக்கொள்வதைப் பற்றிய கட்டுரைகளில் இந்தக் கதை அடிக்கடி வருகிறது. பெரும்பாலும் இந்த இடத்தோடு முடிந்தும் விடுகிறது. அதன் மறுபாதியில்தான் நமக்குப் பாடம் அதிகம். 500 வரிசையின் மூக்கு 15 மீட்டர் நீளம். அந்த நீளத்துக்காக முதல் பெட்டியில் இருக்கைகளையும், முன்பக்கக் கதவையும் இழக்க வேண்டியிருந்தது. உருளை வடிவ உடல் சன்னலோரப் பயணியை நெருக்கியது. தயாரிப்புச் செலவும் அதிகம். மொத்தம் 9 தொடர்கள் கட்டியதோடு உற்பத்தி நின்றது. 1999இல் வந்த 700 வரிசையின் மூக்கு 9.2 மீட்டர், பார்வைக்கு வாத்தின் அலகு போலத் தட்டையானது. 2007இல் வந்த N700 வரிசை 10.7 மீட்டர் மூக்கோடு அதே பாதையில் அதே 300 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. அந்த மூக்கை வடிவமைத்தவர்கள் எந்தப் பறவையையும் மாதிரியாகக் கொள்ளவில்லை. வடிவங்களைக் கலந்து, மாற்றி, தேறியவற்றை மட்டும் அடுத்த சுற்றுக்கு அனுப்பும் மரபுநிரல் கணக்கீட்டு முறையைப் பயன்படுத்தினார்கள். மீன்கொத்தியின் உருவம் மறைந்துவிட்டது. அது கற்றுத்தந்த நெறி மறையவில்லை. ரயிலின் குறுக்குவெட்டுப் பரப்பு நுனியிலிருந்து எவ்வளவு சீராகப் பெருகுகிறதோ, அவ்வளவுக்கு அழுத்த அலை தணியும் என்பதே அந்த நெறி. அதைப் பிடித்துக்கொண்டவர்களுக்குப் பிறகு அலகு தேவைப்படவில்லை.

இந்தக் கட்டுரை சொல்ல வருவதும் இதுதான். இயற்கையைப் பார்த்து உருவத்தை நகலெடுப்பவர்கள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். அதன் வேலைப்பாட்டுக்குள் இருக்கும் காரணத்தைக் கண்டுபிடித்து, அதைத் தங்கள் பொருளுக்கும் அளவுக்கும் தக்கபடி மாற்றி, அளந்து சோதிப்பவர்கள் வெல்கிறார்கள். மனிதன் பறந்த வரலாறே இதற்குச் சான்று. சிறகடிக்கும் எந்திரங்களைக் கட்டியவர்கள் பல நூற்றாண்டுகள் தோற்றார்கள். பறவையின் சிறகு ஒரே அசைவில் இரண்டு வேலைகளைச் செய்கிறது: உடலைத் தூக்குகிறது, முன்னே தள்ளுகிறது. 1799இல் இங்கிலாந்தின் ஜார்ஜ் கேலி இந்த இரண்டையும் பிரித்தார். தூக்குவதை அசையாத இறக்கையிடம் விடலாம், தள்ளுவதை வேறொரு கருவியிடம் ஒப்படைக்கலாம் என்றார். இன்றைய விமானம் அந்தப் பிரிவினையின் பிள்ளை. ரைட் சகோதரர்கள் பறவைகளைக் கவனிக்காமல் இல்லை. சிறகு நுனியை முறுக்கித் திரும்பும் உத்தியை அவற்றிடம்தான் கற்றார்கள். ஆனால் 1901இல் சொந்தமாகக் காற்றுச் சுரங்கம் ஒன்றை அமைத்து, ஏராளமான சிறு இறக்கை மாதிரிகளை அதில் சோதித்து எண்களைச் சேர்த்த பிறகே, 1903இல் அவர்களால் பறக்க முடிந்தது.

சுரங்கம் தோண்டும் எந்திரத்தின் பிறப்பும் இப்படித்தான். கப்பல்களின் மரத்தைத் துளைத்து அழிக்கும் கப்பல் புழு ஒன்று உண்டு. பெயர்தான் புழு, உண்மையில் சிப்பி இனம். அதன் தலையில் உள்ள இரு சிறு ஓடுகள் மரத்தை அரைக்கின்றன. நீரில் ஊறிய மரம் உப்பி அதன் மெல்லிய உடலை நெரித்துவிடும் அபாயம் இருப்பதால், முன்னேறும்போதே பின்னால் துளையின் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு பூசிக்கொண்டு போகிறது. மார்க் பிரூனல் இதில் கவனித்தது அதன் வேலை ஒழுங்கை: முன்பக்கத்தை ஓட்டால் காத்துக்கொள், சிறிது தோண்டு, உடனே பின்னால் சுவரைக் கட்டு. 1818இல் அவர் காப்புரிமை பெற்ற சுரங்கக் கவசம் இந்த ஒழுங்கில் எழுந்தது. அதைக்கொண்டு லண்டனில் தேம்ஸ் ஆற்றின் அடியில் 1825இல் தொடங்கிய சுரங்கம், வெள்ளத்தையும் உயிரிழப்பையும் கடந்து 1843இல் திறக்கப்பட்டது. சென்னை மெட்ரோவுக்காக மண்ணைக் குடைந்த எந்திரங்களும் முன்னால் தோண்டி, பின்னாலேயே கான்கிரீட் வளையங்களைப் பொருத்தியபடிதான் நகர்ந்தன. அந்த எந்திரத்தில் புழுவின் உருவம் எங்கும் இல்லை. அதன் ஒழுங்கு மட்டும் 200 ஆண்டுகளாகத் தொடர்கிறது.

காரணத்தைத் தேடுவது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இயற்கையின் தீர்வுகள் நம் பழக்கத்துக்கு மாறானவை. அழுக்கு ஒட்டாத பரப்பு வேண்டுமா, வழுவழுப்பாக ஆக்கு என்பதுதான் எல்லாரும் நம்பிய விதி. 1970களில் ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட், தாவரங்களை வகைப்படுத்துவதற்காக இலைப் பரப்புகளை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். வழுவழுப்பான இலைகளை நுண்ணோக்கியில் வைக்கும் முன் கழுவ வேண்டியிருந்தது. சொரசொரப்பான சில இலைகளோ தாமாகவே சுத்தமாக இருந்தன. அவற்றில் தலையாயது தாமரை. தாமரை இலையைக் கையில் எடுத்துப் பார்த்தால் வெல்வெட் போல மங்கலாகத் தெரியும். நுண்ணோக்கியில் அது மேடுகள் நிறைந்த நிலம்: ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு உயரமுள்ள முகடுகள், ஒவ்வொரு முகட்டின்மேலும் அதைவிடப் பல மடங்கு சிறிய மெழுகுக் குழல்கள். நீர்த்துளி முகடுகளின் உச்சியை மட்டுமே தொடுகிறது; அடியில் எல்லாம் காற்று. அதனால் துளி ஏறத்தாழ முழு உருண்டையாகவே நிற்கிறது, சிறு சாய்வு போதும், உருண்டோடுகிறது. தூசியும் முகட்டின் உச்சியில் மட்டுமே பட்டும்படாமல் கிடப்பதால், உருளும் துளி அதை வாரிக்கொண்டு போய்விடுகிறது. தாமரை இலைத் தண்ணீரைப் பற்றின்மைக்கு உவமையாகச் சொல்லாத தமிழர் இல்லை. அதன் பின்னிருக்கும் காரணம் விளங்க நுண்ணோக்கியும் பல ஆண்டு உழைப்பும் தேவைப்பட்டன. 1997இல் அந்த ஆய்வு முழுமையாக வெளியானது. 1999இல் அந்த நெறியில் உருவான வெளிச்சுவர் பெயின்ட் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது.

திமிங்கிலத்தின் துடுப்பு இன்னொரு விதியை உடைத்தது. விமான இறக்கையின் முன்விளிம்பு நேராகவும் மழமழப்பாகவும் இருக்க வேண்டும் என்பது பொறியியலின் பாலபாடம். அமெரிக்க உயிரியலாளர் ஃபிராங்க் ஃபிஷ் ஒரு கடையில் கூன்முதுகுத் திமிங்கிலத்தின் சிற்பத்தைப் பார்த்தார். துடுப்பின் முன்விளிம்பில் வரிசையாகப் புடைப்புகள் இருந்தன. சிற்பி இடம் மாற்றி வைத்துவிட்டார் என்றே அவர் முதலில் நினைத்தார். ஆனால் சிற்பம் சரியாகவே இருந்தது. 2004இல் அவரும் கூட்டாளிகளும் துடுப்பின் மாதிரிகளைப் புடைப்போடும் புடைப்பில்லாமலும் செய்து காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இறக்கையைச் சாய்த்துக்கொண்டே போனால் ஒரு கோணத்தில் அது தூக்குவிசையை இழந்து தொய்ந்துவிடும். புடைப்புள்ள மாதிரி அந்தக் கோணத்தை ஏறத்தாழ 40 சதவீதம் தள்ளிப்போட்டது. புடைப்புகளுக்கு இடையே நுழையும் நீர் சுழல்களாக மாறி, ஓட்டத்தைப் பரப்போடு ஒட்டி வைக்கிறது. எல்லா இறக்கைக்கும் இது ஆதாயம் தராது; சிறு கோணத்தில் சீராகப் பறக்கும் இறக்கைக்குப் புடைப்பு தேவையில்லை. கூர்மையாகத் திரும்பித் திரும்பி இரை பிடிக்கும் திமிங்கிலத்துக்கு அது தேவை. எங்கே உதவும், எங்கே உதவாது என்பதையும் சேர்த்துச் சொல்வது காரணத்தின் வேலை. வடிவத்தைப் பார்த்து மட்டும் இதைச் சொல்ல முடியாது.

இயற்கையின் தீர்வுகளுக்கும் நம் பொறியியலுக்கும் இடையிலான மாறுபாடு எவ்வளவு பெரியது என்பதை இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் வின்சென்ட்டும் அவர் குழுவினரும் அளக்க முயன்றார்கள். சோவியத் பொறியாளர் கென்ரிக் அல்ட்ஷுலர், ஏராளமான காப்புரிமைகளை அலசி, முரண்பட்ட தேவைகளைப் பொறியாளர்கள் எப்படித் தீர்க்கிறார்கள் என்பதை 'டிரிஸ்' என்ற முறையாகத் தொகுத்திருந்தார். வின்சென்ட் குழு உயிரினங்களின் தீர்வுகளையும் அதே சட்டகத்தில் வைத்து ஒப்பிட்டது. ஒரே வகைச் சிக்கலுக்கு இரு தரப்பும் கையாண்ட நெறிகளில் 12 சதவீதம் மட்டுமே ஒத்துப்போனதாக 2006இல் அவர்கள் எழுதினார்கள். ஒரு மீட்டர்வரையிலான அளவுகளில் பொறியியல் தீர்வுகளில் ஏறத்தாழ 70 சதவீதம் ஆற்றலைக் கூட்டியோ குறைத்தோ காரியம் சாதிக்கிறது. உயிரினங்களில் அப்படிப்பட்டவை 5 சதவீதமே. சூடாக்கு, அழுத்து, கூடுதல் விசை கொடு என்று நாம் போகிற இடத்தில், உயிர்கள் அமைப்பையும் தகவலையும் கொண்டு வேலையை முடிக்கின்றன. உணவைத் தேடி அலைந்து ஆற்றலைச் சேர்க்க வேண்டிய உயிருக்கு ஆற்றல் விலையுயர்ந்த சரக்கு, வடிவம் மலிவு. சாலையோர வேப்ப மரத்தில் கிளை பிரியும் கவட்டையைப் பார்த்தால் இது விளங்கும். எந்திரப் பாகத்தின் உள்மூலையைப் பொறியாளர் கால்வட்டமாக வளைப்பார். கடைசல் எந்திரத்தில் அதைச் செய்வது எளிது. ஆனால் வட்டம் நேர்க்கோட்டோடு சேருமிடத்தில் தகைவு குவிந்து, விரிசல் அங்கேதான் தொடங்கும். மரத்தின் கவட்டை வட்டம் கிடையாது. வளைவு மெல்ல மெல்ல மாறி நீண்டு கலக்கிறது. எங்கே பாரம் அதிகமோ அங்கே மரம் கட்டையைக் கூட்டி வளர்ந்து, தகைவைப் பரப்பில் சமமாக்கிக்கொள்கிறது. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவேயில் கிளாஸ் மாத்தெக் இந்த வளர்ச்சி விதியைக் கணினி முறையாக்கினார். எலும்பில் பொருத்தும் திருகு முதல் கார் பாகம் வரை அதனால் வடிவம் மாறின.

காரணத்தைத் தவறாகப் புரிந்துகொண்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் 1996இல் திறந்த ஈஸ்ட்கேட் கட்டடம் நல்ல எடுத்துக்காட்டு. கரையான் புற்றுக்குள் சூடான காற்று மேலே எழுந்து வெளியேற, குளிர்ந்த காற்று கீழிருந்து உள்ளே வந்து வெப்பத்தைச் சீராக வைத்திருக்கிறது என்பது அன்று நிலவிய கருத்து. கட்டடக்கலைஞர் மிக் பியர்ஸும் அரூப் நிறுவனப் பொறியாளர்களும் அதைத் தூண்டுகோலாகக் கொண்டு, வழக்கமான ஏசி எந்திரம் இல்லாத அந்த வளாகத்தை எழுப்பினார்கள். இரவின் குளிர்காற்றை மின்விசிறிகள் கான்கிரீட் தளங்களின் உள்ளறைகள் வழியே செலுத்துகின்றன. இரவெல்லாம் குளிர்ந்த கான்கிரீட் பகலில் அறைகளைக் குளிர்விக்கிறது. சூடான காற்று புகைபோக்கிகள் வழியே வெளியேறுகிறது. கட்டடம் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் ஸ்காட் டர்னர், ரூபர்ட் சோர் இருவரும் புற்றுகளை நுட்பமாக ஆராய்ந்து 2008இல் எழுதியபோது, புற்று அப்படி இயங்கவில்லை என்றார்கள். கரையான் கூட்டின் வெப்பம் பெரும்பாலும் சுற்றியுள்ள மண்ணின் வெப்பத்தையே ஒட்டிப் போகிறது. மேலே எழும்பி நிற்கும் புற்று, வெளிக்காற்றின் அசைவைப் பயன்படுத்தி மூச்சுவிடும் நுரையீரலாக இருக்கிறது.

நம் ஊர்ப் பக்கத்துப் புற்றுகளும் இந்த விசாரணையில் பங்கேற்றன. தென்னிந்தியாவில் பரவலாகக் காணப்படும் ஒருவகைக் கரையானின் புற்றுகளை ஹார்வர்டின் எல். மகாதேவன் குழு ஆராய்ந்து 2015இல் முடிவுகளை வெளியிட்டது. புற்றின் வெளிப்புறத்தில் மடிப்பு மடிப்பாக நிற்கும் மெல்லிய விலாக்கள் பகலில் சீக்கிரம் சூடாகின்றன. தடித்த நடுப்பகுதி மெதுவாகத்தான் சூடேறும். அதனால் பகலில் காற்று விலாக்களுக்குள் மேலேறி, நடுவில் கீழிறங்குகிறது. இரவில் விலாக்கள் முதலில் குளிர்வதால் ஓட்டம் திசை மாறுகிறது. நொடிக்குச் சில சென்டிமீட்டர் வேகந்தான். ஆனாலும் பகலில் கூட்டில் சேரும் கரியமில வாயுவை இரவு ஓட்டம் வெளியே கொண்டுபோக அது போதும். பகலுக்கும் இரவுக்குமான வெப்ப வேறுபாட்டையே எஞ்சினாக்கிக்கொண்ட அமைப்பு இது. இந்தக் காரணம் தெரிந்தவருக்கு ஈஸ்ட்கேட் ஏன் வெற்றி பெற்றது என்பதும் தெரியும்: ஹராரே உயரமான இடம், இரவுகள் நன்றாகக் குளிர்கின்றன, பொறியாளர்கள் அந்தக் குளிரைக் கணக்கிட்டுக் கான்கிரீட்டின் பருமனை முடிவு செய்தார்கள். கோடை இரவிலும் வெக்கை தணியாத சென்னையில் அதே கட்டடத்தை அப்படியே எழுப்பினால் அதே குளிர்ச்சி கிடைக்காது. தவறான உயிரியல் கதையிலிருந்தும் நல்ல கட்டடம் பிறக்கலாம், ஆனால் அதைக் காப்பாற்றியது கணக்கு என்பதை மறந்தால் அடுத்த கட்டடம் தோற்கும்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். எல்லாமே கணக்காலும் சோதனையாலும்தான் முடிவாகிறது என்றால், மீன்கொத்தியும் திமிங்கிலமும் எதற்கு? N700 வரிசை காட்டியதுபோல் கணினியே வடிவத்தைத் தேடிக்கொள்ளுமே. பறவைக் கதை பின்னால் ஒட்டிய அலங்காரந்தானே? இதில் பாதி உண்மை இருக்கிறது. கேள்வி தெளிவாக இருக்கும் இடத்தில் கணினி நம்மைவிட வேகமாக விடை தேடும். ஆனால் கணினி, நாம் வரைந்து கொடுத்த எல்லைக்குள் மட்டுமே தேடும். முன்விளிம்பு மழமழப்பாக இருக்க வேண்டும் என்று நம்புகிறவர், புடைப்புள்ள இறக்கையைத் தேடும் எல்லைக்குள் சேர்க்கவே மாட்டார். வழுவழுப்புதான் சுத்தம் என்று நம்புகிறவர் சொரசொரப்பைச் சோதிக்க மாட்டார். எல்லையை விரித்துவிடுவதுதான் இயற்கையின் பங்கு. நடக்காது என்று நாம் ஒதுக்கிய ஒன்று கண்முன்னே பல லட்சம் ஆண்டுகளாக நடந்துகொண்டிருப்பதைக் காட்டும்போது, அது நம் விதியைத்தான் கேள்வி கேட்கிறது.

நேர் எதிர்த்திசையிலிருந்து இன்னொரு கூற்றும் வருகிறது. 380 கோடி ஆண்டுகள் பரிணாமம் தேர்ந்தெடுத்த தீர்வுகள் இவை. இவற்றைவிடச் சிறந்தவை இருக்க முடியாது. எனவே நகலெடுப்பதே அறிவு என்கிறார்கள் சிலர். பரிணாமம் சிறந்ததைத் தேடுவதில்லை. பிழைத்துச் சந்ததி விடப் போதுமானதோடு நின்றுவிடுகிறது. பழைய அமைப்பைக் கலைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும் வசதியும் அதற்கு இல்லை. மூளையிலிருந்து குரல்வளைக்குப் போகும் நரம்பு ஒன்று ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து முழுக்கக் கீழிறங்கி, இதயத்துக்கு அருகே ஒரு தமனியைச் சுற்றி, மறுபடி மேலே ஏறுகிறது. மீன் போன்ற மூதாதையரிடம் நேராக இருந்த வழி, கழுத்து நீள நீள இழுபட்டுப்போனதன் விளைவு அது. எந்தப் பொறியாளரும் கம்பியை இப்படிப் போட மாட்டார். உயிர்களின் நிபந்தனைகளும் வேறு. தாமரை இலையில் மெழுகு தேய்ந்தால் இலை திரும்பச் சுரந்துகொள்ளும். சுவரில் பூசிய பெயின்ட் தேய்ந்தால் தேய்ந்ததுதான். அளவு மாறினாலும் நெறி மாறும். பல்லியின் கால்விரல் இதற்குச் சான்று. டோக்கே பல்லியின் ஒரு பாதத்தில் ஏறத்தாழ 5 லட்சம் நுண்மயிர்கள். ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான நுனிகளாகப் பிரிகிறது. அந்த நுனிகளுக்கும் சுவருக்கும் இடையே மூலக்கூறுகளின் மெல்லிய ஈர்ப்புவிசை செயல்படுவதாக கெல்லர் ஆட்டம் குழு 2002இல் நிறுவியது. பசை ஏதும் இல்லை. உடல் பெருக்கப் பெருக்க எடை கூடும் வேகத்துக்குப் பாதத்தின் பரப்பு கூடுவதில்லை. எனவே பல்லி ஏறும் சுவரில் மனிதனை ஏற்றுவது பெரும் சவாலாகிவிடுகிறது.

ஆனால் பல்லியிடம் கற்க வேண்டியது ஒட்டும் வலிமையோடு முடிவதில்லை. வலுவாக ஒட்டும் பசைகள் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. பல்லி ஓடும்போது நொடிக்குப் பலமுறை ஒட்டிப் பிரிகிறது. பாதத்தை ஒரு திசையில் இழுத்தால் பிடிக்கும், நுண்மயிரின் கோணம் ஏறத்தாழ 30 பாகையைக் கடந்தால் தானே விட்டுவிடும். ஒட்டுவதையும் விடுவதையும் கோணத்தால் ஆளும் இந்த நெறியை ஸ்டான்ஃபோர்டின் மார்க் கட்கோஸ்கி குழு சுவரேறும் எந்திரப் பல்லியில் பயன்படுத்தியது. ஆக, தேடலைத் தொடங்கும் முறையே முக்கியம். எந்த விலங்கைப் பின்பற்றலாம் என்று தொடங்காமல், என் கருவி செய்ய வேண்டிய வேலை என்ன என்று தொடங்க வேண்டும். ஒட்டிப் பிரிய வேண்டுமா, நீரை விலக்க வேண்டுமா, அதிர்வை விழுங்க வேண்டுமா? பிறகு அதே வேலையை எந்த உயிர்கள், எந்தச் சூழலில், எந்த அளவில் செய்கின்றன என்று தேட வேண்டும். உயிரினங்களை இப்படிச் செயலின் அடிப்படையில் தேடுவதற்கென்றே 'ஆஸ்க் நேச்சர்' என்ற தகவல் தொகுப்பு 2008 முதல் இருக்கிறது. இயற்கையைப் பின்பற்றி வடிவமைக்கும் பயோமிமிக்ரிக்கான சொற்களையும் முறைகளையும் வரையறுக்கும் சர்வதேச ஐஎஸ்ஓ தரம் 2015இல் வந்தது. ஜார்ஜியா டெக்கில் ஒரு வடிவமைப்பு வகுப்பை ஆராய்ந்து 2009இல் எழுதிய அறிக்கை, மாணவர்கள் எங்கே வழுக்குகிறார்கள் என்பதைச் சொல்கிறது: சிக்கலைத் தெளிவாக எழுதிக்கொள்வதில்லை, கண்ட முதல் உயிரிலேயே மனம் சிக்கிக்கொள்கிறது, அதன் சிக்கலான வேலையை மட்டுமீறி எளிமையாக்கிவிடுகிறார்கள்.

இயற்கையிடமிருந்து வந்ததெல்லாம் இயற்கைக்கு நல்லது என்ற நம்பிக்கையையும் சோதிக்க வேண்டும். சுறாத் தோலின் நுண்வரிகளைப் பின்பற்றி விமான உடலில் ஒட்டும் படலம் எரிபொருளை ஏறத்தாழ 1 சதவீதம் மிச்சப்படுத்துகிறது; ஒரு பெரிய விமானத்துக்கு அது பொருட்படுத்தத் தக்க சேமிப்பு. ஆனாலும் அந்தப் படலம் தொழிற்சாலையில் செய்த செயற்கைப் பொருள்தான். வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் பாதிப் பாடமே படித்தவர்கள் ஆவோம். சிலந்தி தன் உடலின் சூட்டிலேயே, நீரில் கரைந்த புரதத்திலிருந்து உறுதியான இழையை நூற்கிறது. நாம் கெவ்லார் இழையை நூற்க அடர் கந்தக அமிலத்தை நாடுகிறோம். சிலந்தி நூற்கும் முறையைத் தொழிற்சாலை அளவில் கைவசமாக்கப் பல பத்தாண்டுகளாக முயன்றும் முழு வெற்றி கிட்டவில்லை. உருவத்தைவிடச் செய்முறை கடினமான பாடம். சூழலைப் பற்றிய நம் கவலைக்கு விடை அந்தக் கடினமான பாடத்தில்தான் இருக்கிறது.

இதற்கெல்லாம் அடிப்படை உயிரியல் அறிவு. பார்த்லாட் பெயின்ட் கண்டுபிடிக்கக் கிளம்பவில்லை. தாவரங்களை வகைப்படுத்தக் கிளம்பினார். கரையான் புற்றைப் பற்றிய தவறான கருத்தைத் திருத்தியவர்கள், புற்று எப்படி இயங்குகிறது என்ற ஆர்வத்தால் அதை அளந்தவர்கள். உடனடிப் பயனைக் காட்டு என்று அவர்களை நெருக்கியிருந்தால் பயனே கிடைத்திருக்காது. தமிழ்நாட்டில் பதினொன்றாம் வகுப்பில் கணிதத்தோடு கணினி அறிவியல் பாடப்பிரிவை எடுக்கும் மாணவருக்கு உயிரியல் பத்தாம் வகுப்போடு முடிந்துபோகிறது. பொறியியல் கல்லூரிகளில் சேரும் ஏராளமானோர் இப்படி வருகிறவர்கள். ஓர் இலையின் பரப்பையோ மரத்தின் கவட்டையையோ அளந்து பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்குப் பாடத்திட்டத்தில் பெரும்பாலும் இல்லை. உயிரியல் துறையும் எந்திரவியல் துறையும் ஒரே வளாகத்தில் இருந்தும் ஒன்றோடொன்று பேசாத நிலையை மாற்றப் பெரும் பணம் தேவையில்லை. ஒரு பொதுவான செய்முறை வகுப்பு, ஒரு நுண்ணோக்கி, ஒரு சிறு காற்றுச் சுரங்கம் இருந்தால் தொடங்கிவிடலாம். இன்னொரு கடமையும் நமக்கு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் தவளைகளும் பூச்சிகளும் பாசிகளும் என்னென்ன சிக்கல்களை எப்படித் தீர்த்து வைத்திருக்கின்றன என்பதில் நாம் படித்தது மிகச் சிறு பகுதி. படிக்கும் முன்பே ஓர் உயிரினம் அழிந்தால், அதன் தீர்வும் அதோடு போகிறது. எந்தக் கணினியாலும் அதை மீட்டெடுக்க முடியாது. காடுகளைக் காக்கச் சொல்லும் காரணங்கள் ஏற்கெனவே பல இருக்கின்றன. ஒரு பொறியாளரும் தன் தொழிலின் நலனுக்காகவே அந்தக் கோரிக்கையில் கையெழுத்திட வேண்டும் என்பதையும் அவற்றோடு சேர்த்துக்கொள்வோம்.